‘நெகடிவ்’ சீட்டும் ஏழு நாள் தனிமையும்

2022-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, ஒரு புதன்கிழமையன்று, என் தம்பி துபாயிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கினான். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வருகிறான். ஆனால் வாசலில் காத்திருந்த என் தந்தையாரைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, பெட்டியுடன் வெளிப்படி வழியாக மாடி அறைக்குப் போய்விட்டான். பொங்கலன்று முற்றத்தில் பானை பொங்கியதையும் மாடிச் சன்னல் வழியாகத்தான் பார்த்தான்.

அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு இது பொறுக்கவில்லை. “அப்பா, கோவிட் இல்லை என்று சித்தப்பா கையில் ‘நெகடிவ்’ சீட்டு இருக்கிறதே! பிறகு எதற்கு ஏழு நாள் தனியாக இருக்க வேண்டும்? ஒன்று, அந்தச் சோதனை பொய், இல்லாவிட்டால் இந்தத் தனிமை வீண்” என்றாள்.

நல்ல கேள்வி அல்லவா? உங்களுக்கும் இது தோன்றியிருக்கலாம். விடை காண்போம்.

முதலில் விதியைப் பார்ப்போம். அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வருவோர் பயணத்திற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. முடிவை ‘ஏர் சுவிதா’ என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 11 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: வந்திறங்கியவர் அனைவரும் 7 நாட்கள் வீட்டில் தனித்திருந்து, 8-ஆம் நாள் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோதனையும் தனிமையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டும் வேண்டும் என்பதே அன்றைய விதி.

ஏன்? சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும்.

மூக்கின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் சளியை எடுக்கிறார்கள். அதில் வைரஸ் இருந்தால் அதன் ஆர்.என்.ஏ. இழை இருக்கும். அது மிகச் சிறிய அளவு. ஆகவே முதலில் அதை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, பிறகு பெருக்குகிறார்கள். சுமார் 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிகின்றன. ஆற விட்டதும் ஒவ்வோர் இழைக்கும் பாலிமரேஸ் என்ற நொதி புதிய துணையிழையைக் கட்டுகிறது. ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடு, மீண்டும் ஆற்றல்: இரண்டு நான்காயிற்று. 1983-இல் இந்த முறையைச் சிந்தித்த அமெரிக்கர் காரி முல்லிஸ், 1993-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பத்து முறை இரட்டித்தால் 1,024. முப்பது முறை இரட்டித்தால் 107 கோடிக்கும் மேல்! பொதுவாக நாற்பது சுற்றுகள் வரை இப்படி ஓட்டுகிறார்கள். படிகள் பெருகப் பெருக, கலந்திருக்கும் சாயம் ஒளிர்கிறது. கருவி அதைக் கண்டுபிடிக்கிறது.

அப்படியானால் இதன் கண்ணுக்கு எதுதான் தப்பும்? இங்கேதான் விடை இருக்கிறது. பஞ்சில் ஒட்டியது பூச்சியமானால்? பூச்சியத்தை நாற்பது முறை இரட்டித்தாலும் பூச்சியம்தானே! நேற்று உடலில் புகுந்த வைரஸ், இன்று மூக்கிலிருந்து எடுக்கும் சளியில் அகப்படும் அளவுக்குப் பெருகியிருக்காது. சோதனை பொய் சொல்லவில்லை. “இந்தப் பஞ்சில் இல்லை” என்று உண்மையைத்தான் சொல்கிறது. அதை “இந்த ஆளிடம் இல்லை” என்று படிப்பது நம் தவறு.

2020-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஏழு ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்றிய முதல் நாளில் சோதித்தால், தொற்றியவர் 100 பேரில் 100 பேருமே ‘நெகடிவ்’ ஆகத் தப்பிவிடுவர். நான்காம் நாளில் 67 பேர் தப்புவர். அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாள் வாக்கில் 38 பேர். எட்டாம் நாளில் 20 பேர். அதன் பிறகு தப்புவோர் தொகை மீண்டும் ஏறுகிறது. விமானம் ஏறும்போது தொற்று பிடித்தவரை, ஊருக்கு வந்த பின் எட்டாம் நாளில் சோதித்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சரி, எத்தனை நாள் காத்திருந்தால் போதும்? அதே பல்கலைக்கழகத்தாரின் மற்றோர் ஆய்வு, தொற்றி அறிகுறி வருவோரில் பாதிப்பேருக்கு ஏறத்தாழ 5 நாட்களுக்குள் அறிகுறி தெரிகிறது என்றது. அறிகுறி வருவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் பதினொன்றரை நாட்களுக்குள் தெரிந்துவிடும். 14 நாட்கள் காத்தாலும், 10,000 பேரில் சுமார் 101 பேருக்கு அதற்குப் பின்னரே அறிகுறி வரலாம் என்றும் கணக்கிட்டது. ஆக, எந்த எல்லையும் முழுக் காப்பு அல்ல. நாட்களைக் கூட்டினால் ஆபத்து குறையும். ஆனால் மனிதர் படும் பாடு கூடும். பின்னர் வந்த ஓமிக்ரான் வகையில் அறிகுறி இன்னும் விரைவாக, மூன்று நாள் வாக்கிலேயே, தோன்றியது. வைரசின் போக்கு மாறும்போது நாட்கணக்கும் மாறத்தானே வேண்டும்?

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1377-இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையின் ரகூசா நகரம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வந்தோரை 30 நாட்கள் வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 நாட்களாயிற்று. இத்தாலிய மொழியில் ‘க்வாரன்டா’ என்றால் நாற்பது. ‘க்வாரண்டைன்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. நம் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்திலும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரைத் தங்க வைத்துக் கவனித்த முகாம் இருந்தது. அவர்கள் கையில் சீட்டு ஏதும் இல்லை. காத்திருப்பதே அன்று சோதனை.

என் தம்பிக்கு என்ன ஆயிற்று? திங்களன்று சளி கொடுத்தான். அதன் பிறகும் அறைத் தோழர்களுடன் தங்கினான், பேருந்தில் போனான், விமானத்தில் வந்தான். எங்கே தொற்றியது என்று யாருக்குத் தெரியும்? வந்த நான்காம் நாள் தொண்டை வலித்தது. சோதித்தோம், இம்முறை ‘பாசிடிவ்’. என் தந்தையாருக்கு வயது 78. இழைப்பு நோய் உண்டு. தம்பி அன்று கீழேயே தங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மாடியில் இருந்ததால் ஒன்றும் நேரவில்லை. முப்பது நாள் விடுமுறையில் பதினொரு நாள் அந்த அறையிலேயே கழிந்தது. பன்னிரண்டாம் நாள் கீழே வந்து, தந்தையார் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டான்.

அந்த ஏழு நாள் கட்டாயத் தனிமை 2022 பிப்ரவரி 14-இல் நீங்கியது. உலக நல நிறுவனமும் 2023 மே 5-இல் கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. விதிகள் போனாலும் கணக்கு நிற்கிறது. நாளை வேறொரு நோய் வந்தால், சீட்டில் இரண்டு செய்திகளைப் பாருங்கள்: என்ன முடிவு, எப்போது எடுத்த சளி.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சளியில் 10 படிகள், இன்னொன்றில் 10,000 படிகள். இரண்டையும் ஒரு கோடிப் படிகளாக்க ஏறத்தாழ எத்தனை சுற்றுகள் வேண்டும்? செய்து பாருங்கள். எது முதலில் ஒளிரும், எத்தனை சுற்று முன்னதாக என்பது உங்களுக்கே தெரியும்.