குளிரில் தடுமாறும் காரின் கம்ப்யூட்டர்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் இருந்து காரில் ஊட்டி செல்பவர்கள் பலர். இரவு விடுதி வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் புல்வெளி எங்கும் உறைபனி. தலைக்குந்தா பக்கம் வெப்பநிலை ஜீரோ டிகிரி வரை கூட இறங்கும். சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகுகிறது. இரண்டாவது முயற்சியில்தான் ஸ்டார்ட் ஆகிறது. அதோடு செக் என்ஜின், ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் என மூன்று விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஒரே இரவில் மூன்று பாகங்கள் கெட்டுப் போகுமா?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இன்றைய காரில் என்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்கிற்கு ஒன்று, ஸ்டீயரிங்கிற்கு ஒன்று எனப் பல உள்ளன. நம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போலவே இவற்றிற்கும் சீரான வோல்டேஜ் தேவை. பக்கத்தில் மோட்டார் பம்பு ஓடத் தொடங்கும்போது லைட் மங்கி, யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். காரின் ஸ்டார்ட்டரும் ஒரு மோட்டார்தான். சுழலத் தொடங்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும்.

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாற்றம் மந்தமாகிறது. ஜீரோ டிகிரியில் அதன் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகி விடுவதால் ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் வேலை. வோல்டேஜ் சட்டென்று சரியும்போது சில கம்ப்யூட்டர்கள் ஒரு நொடி செயலிழக்கின்றன. மற்றவை "அவரைக் காணவில்லை" என்று பிழை பதிந்து விளக்கை எரிய விடுகின்றன. ஆனால் நல்ல பேட்டரி இந்தக் குளிரைத் தாங்கும். அதை ஏற்கெனவே தேய்த்து வைத்தது பெரும்பாலும் நம் ஊர் கோடை வெயில்தான். ஊட்டியில் அது மாட்டிக் கொள்கிறது, அவ்வளவே.

இதை நீங்களே சோதிக்கலாம். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் சிறிய ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, ஆண்ட்ராய்ட் போனுடன் இணைத்து (பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234 அல்லது 0000), அதற்கான அப்ளிகேஷனைத் திறந்தால் பிழைக் குறியீடுகள் கிடைக்கும். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. 'யு' என்ற எழுத்தில் தொடங்குபவை கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்ததைக் குறிப்பவை. இவை கும்பலாக வந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். குறித்துக் கொள்ளாமல் அழித்துவிட வேண்டாம். பிழை ஏற்பட்டபோது என்ஜின் இருந்த நிலை பற்றிய பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும். விட்டால் அதுவும் பேட்டரியைக் குடிக்கும்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வரும். அதற்கு முன் டெர்மினல்களை அசைத்துப் பாருங்கள். தளர்ந்த கிளாம்ப்பும், வெள்ளைப் பச்சையாகப் பூத்த உப்பும் இதே கூத்தைக் காட்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஹெட்லைட், புளோயர், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, கிளட்சை அழுத்திக் கொள்ளுங்கள். டீசல் கார் என்றால் மஞ்சள் நிறச் சுருள் விளக்கு அணையும் வரை பொறுக்க வேண்டும். நீல நிறத் தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தால் பயம் வேண்டாம். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று மட்டுமே பொருள்.

என்ஜின் ஓடிய பின்னும் விளக்குகள் அணையவில்லை என்றால், ஒருமுறை நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்து, சமதளத்தில் சில மீட்டர் ஓட்டிப் பாருங்கள். வோல்டேஜ் தகராறு என்றால் ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் விளக்குகள் பெரும்பாலும் அணைந்துவிடும்.

அணையாவிட்டால்? குன்னூரிலிருந்து கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. சிவப்பு நிறத்தில் பிரேக், ஆயில் அல்லது பேட்டரி விளக்கு எரிந்தால் இறங்கவே வேண்டாம். பேட்டரி விளக்கு என்றால் சார்ஜ் ஏறவில்லை. மின்சார ஸ்டீயரிங் இருக்கும் காரில் பாதி வழியில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, திருப்புவதும் கனமாக இருந்தால் அங்கேயே மெக்கானிக்கை அழைக்கவும். ஏ.பி.எஸ். மட்டும் மஞ்சளாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், எனவே இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்குங்கள். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்குகிறது; நிறுத்திவிடுவது செலவைக் குறைக்கும்.

ஊர் திரும்பியதும் சென்சார்களை மாற்றச் சொல்லி ஒர்க் ஷாப்பில் நீண்ட பட்டியல் தரப்படலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேட்டரிக்கு லோடு டெஸ்ட் செய்து, அந்த அளவை எழுதித் தரச் சொல்லுங்கள்.