வாடகை கட்ட வழிகள் பல. காவல் நிற்பது ரசீது ஒன்றே!

(சிம்பாங் ரெங்கம் வட்டார நேயர்களுக்காகத் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம் பெற்றோருக்கு வாடகை என்பது பழக்கமில்லாத செலவு. வேலை இருந்தது, அதனால் வீடும் இருந்தது. வேலை போனபோது வீடும் சேர்ந்து போனது. தோட்டங்களை விட்டு வெளியே வந்து, தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய பிறகுதான் மாதா மாதம் வாடகை கட்டும் வாழ்க்கை நமக்கு அறிமுகமானது. இன்று சிம்பாங் ரெங்கத்தில் ஒரே குடும்பத்தில் அப்பா செம்பனைத் தோட்டத்திலும், அம்மா தொழிற்சாலையிலும், மகன் சிங்கப்பூரிலும் வேலை செய்யலாம். மூன்று சம்பளமும் மூன்று வெவ்வேறு நாளில் வரும். வாடகைக்கோ ஒரே தேதிதான். பல வீடுகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

124 வெள்ளிக் கணக்கு

குறைந்த வருமானம் பெறுவோருக்காக அரசாங்கம் 1998-இல் தொடங்கிய திட்டம் மக்கள் வீடமைப்புத் திட்டம். பி.பி.ஆர். என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்த வீடுகளுக்குப் பரவலாக அறியப்பட்ட மாத வாடகை 124 வெள்ளி. (உங்கள் ஒப்பந்தத்தில் வேறு தொகை இருந்தால் அதுவே கணக்கு.) நாள் கணக்கில் பார்த்தால் இது 4 வெள்ளிக்குச் சற்று அதிகம். மூன்று மாதம் விட்டுவிட்டால் 372 வெள்ளி. ஓர் ஆண்டு விட்டுவிட்டால் 1,488 வெள்ளி. மாதம் 124 வெள்ளி கட்டச் சிரமப்படும் குடும்பம் 1,488 வெள்ளியை ஒரே மூச்சில் எங்கிருந்து கொண்டு வரும்? வாடகைப் பாக்கியைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்து நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

முதலாவது, முகப்பில் ரொக்கமாகக் கட்டுவது. நாள் சம்பளம், வாரச் சம்பளம் வாங்குவோருக்கும் வங்கிக் கணக்கை அதிகம் பயன்படுத்தாத முதியவர்களுக்கும் இது எளிது. பணத்தைக் கொடுத்ததும் ரசீதை வாங்கி, பெயர், வீட்டு எண், மாதம், தொகை நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இரண்டாவது, வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுப்பது. குறிப்பிட்ட தேதியில் வங்கியே பணத்தை அனுப்பிவிடும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் தேதியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும். சிலருக்கு மாதக் கடைசியிலேயே வரும், சிலருக்கு ஏழாம் தேதிதான் வரும். ஏழாம் தேதி சம்பளம் வருபவர் முதல் தேதிக்கு உத்தரவு போட்டால், கணக்கில் பணம் இல்லாமல் அது நிறைவேறாமல் போகும். வாடகைத் தேதிக்கும் சம்பளத் தேதிக்கும் ஒத்துவரவில்லை என்றால், வாடகைத் தேதியை மாற்றித் தரும்படி அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

மூன்றாவது, கைப்பேசி வழியாகக் கட்டுவது. 2015-இல் வந்த ஜோம்பே முறையில், கட்டணச் சீட்டில் உள்ள நிறுவனக் குறியீட்டையும் உங்கள் கணக்கு எண்ணையும் பதிந்தால் போதும். 2018-இல் வந்த டுவிட்நாவ், வங்கிக் கணக்கு எண் தெரியாமலேயே கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்ப உதவுகிறது. எல்லா அலுவலகமும் எல்லா முறையையும் ஏற்பதில்லை. உங்கள் அலுவலகம் எதை ஏற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் அனுப்பும் எண்ணை நம்பாதீர்கள். கட்டணச் சீட்டில் அச்சிட்ட எண்ணை மட்டுமே பயன்படுத்துங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் உங்கள் பணம் உங்கள் பெயரில் வரவாகாமல் போகலாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பேநாவ் முறையும் நம் டுவிட்நாவும் இணைக்கப்பட்டன. அங்கிருந்து அம்மாவின் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பலாம். அதை வாடகைக் கணக்கில் கட்டுவது அம்மாவின் வேலை. ஆகவே தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நான்காவது, சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது. முதலாளி தம் விருப்பத்துக்குப் பிடிக்க முடியாது. மூன்றாம் தரப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளியின் எழுத்து மூல வேண்டுகோளும் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதியும் தேவை. பிடித்த பணம் உண்மையிலேயே வாடகைக் கணக்கில் சேர்ந்ததா என்பதையும் மாதந்தோறும் பாருங்கள்.

பிரிட்டனிலும் இதே கவலை

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் வீடமைப்புச் சங்கங்களின் வீடுகளில் வசிப்பவர்களில் பலர் அரசாங்க உதவித்தொகை பெறுகின்றனர். 2013 முதல் அங்கு அறிமுகமான புதிய உதவித்தொகை முறையில், வாடகைப் பங்கும் பொதுவாகக் குடியிருப்பவர் கையிலேயே தரப்படுகிறது. அவர்தான் கட்ட வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியானால், அந்தப் பங்கை நேரடியாகத் தங்களுக்கு அனுப்பும்படி சங்கம் கேட்கலாம். அங்கேயும் இரண்டாவது மாதத்திலேயே விழித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ரசீது இல்லாத பணம்

"தம்பி, நான் அந்தப் பக்கம்தான் போகிறேன், கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ரசீது உங்கள் கைக்கு வரும் வரை வாடகை கட்டப்பட்டதாக எண்ணாதீர்கள். அரசாங்க வீட்டை எடுத்தவர் வேறொருவர், நீங்கள் அவரிடம் வாடகை கொடுத்து உள்ளே குடியிருக்கிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் ஆபத்தானது. அப்படி உள்வாடகைக்கு விடுவது ஒப்பந்த மீறல். நீங்கள் எத்தனை ஆண்டு ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும், அந்தப் பணம் அலுவலகத்தில் உங்கள் பெயரில் ஏறாது.

யாராவது தொலைபேசியில் அழைத்து, பாக்கியை உடனே இந்தக் கணக்கில் போடுங்கள் என்று மிரட்டினால், பணம் போடாமல் அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். ஏமாந்து அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது.

பாக்கி விழுந்துவிட்டால்

ஒளிந்துகொள்வதால் பாக்கி குறைவதில்லை. முதல் அறிவிப்புக் கடிதம் வந்ததுமே அலுவலகத்துக்குச் சென்று, தவணை முறையில் கட்ட அனுமதி கேளுங்கள். வாடகையோடு மாதம் 30 வெள்ளி கூடுதலாகக் கட்டினாலும் 372 வெள்ளிப் பாக்கி 13 மாதத்தில் தீர்ந்துவிடும். ஒப்புக்கொண்ட தவணையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை இழந்தவர்கள், சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதியில் சந்தா கட்டியிருந்தால், வேலை தேடல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்ததும் முதலில் வாடகையை எடுத்து வையுங்கள்.

தனியார் வீட்டில் இருப்பவர்களும் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. அவராகவே பூட்டை மாற்றிப் பொருள்களை வெளியே எறிய முடியாது. அதே சமயம், 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்ற அவரால் முடியும். சட்டம் இரு பக்கமும் பார்க்கிறது. இதில் நம் பக்கம் பேசும் சாட்சி ரசீதுகள்தாம்.

எனவே, நேயர்களே, இன்றே ஒரு பழைய பிஸ்கட் டின்னையோ கோப்பையோ எடுத்து, ஒப்பந்தத்தையும் எல்லா ரசீதுகளையும் மாத வரிசையில் அதில் வையுங்கள். கைப்பேசியில் கட்டியவர்கள் திரையைப் படமெடுத்து அச்சிட்டுச் சேருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். வரும் சம்பளத்தில் கடைக்குப் போகும் முன் வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.