மிச்சம் பிடித்த வீடுகள்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளின் முன்பக்கம் வசதியைச் சொல்லும். அகன்ற திண்ணை, கனத்த மரத்தூண், சாய்மனைக் கதிரை. கட்டியவர்களில் பலர் மலாயாவில் கிளாக்கராகவோ ஸ்டேஷன் மாஸ்டராகவோ இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். பின்வளவுக்குப் போனால்தான் அந்த வசதி எப்படி நிலைத்தது என்று தெரியும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. வேலியில் நிற்கும் பூவரசும் கிளுவையும் ஆட்டுக்குக் குழை தரும். வேலி அடைத்த பனையோலை உக்கிப்போனால், அது தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் புதையும்.

இதில் எதற்கும் தினமும் தனியாக மினக்கெட வேண்டியதில்லை. வாய்க்காலை ஒருமுறை வெட்டினால் போதும். குளிக்கிற நேரத்திலேயே வாழைக்கும் தண்ணீர் இறைத்தாகிவிடும். இதற்கு மாறாக, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவென்று கேள்விப்பட்டு, பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையை விட்டுச் சுன்னாகத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவரை இன்று பார்க்கிறோம். பெட்ரோலும் போகிறது, அரைநாளும் போகிறது. அதை மிச்சம் பிடித்தல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மிச்சம் பிடிக்கும் பழக்கத்துக்கு வேர் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுவதுதான் ஆண்டு முழுவதற்கும் முதல். அடுத்த வேர் படிப்பும் காசும். 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள், மாதாமாதம் மணியோடர் வந்தது. வந்த காசு பெரும்பாலும் இரண்டு வழியில் போனது: ஆண்பிள்ளையின் படிப்பு, பெண்பிள்ளையின் சீதனம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணோடு போகும் சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு சதமும் எந்தக் கணக்கில் சேரும் என்று அறிந்த சனம் அதைச் சும்மா விடுமா?

நேரத்தை மிச்சம் பிடித்த இடம் குசினி. மா வறுக்கிற நாளை எடுங்கள். அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, பெரிய தாச்சியில் போட்டு, அடி பிடிக்காமல் கை ஓயாமல் கிளறி, சூடாறக் கொட்டி, திரும்ப அரித்துத் தகரத்தில் அடைக்க வேண்டும். ஒரு பகல் முழுவதும் அதிலேயே போகும். ஆனால் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் விடியற்காலை லேசாகிவிடும். கொதிநீர் விட்டு மாவைக் குழைத்து, தேங்காய்ப்பூ கலந்து, நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கினால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சுடச்சுடப் பிட்டு. செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் கறிவேப்பிலையும் வறுத்து இடித்த தூளும் அப்படித்தான். மாசியில் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மழைக்காலத்துக் கூழ் அப்போதே தயாராகிவிடும்.

அந்தப் பகல் முழுவதும் அடுப்பின் முன் நின்றது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மாவும் அக்காவும் அம்மம்மாவும் கொடுத்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தோட்டத்துக்குத் துலா மிதித்தவரும் பட்டையில் இறைத்தவரும் வாங்கிய கூலி மிகச் சொற்பம். சாதியின் பெயரால் கூலியே இல்லாமல் வாங்கப்பட்ட வேலையும் உண்டு. பெரிய வீடுகளின் சிக்கனத்தைப் புகழும்போது இதை மறைத்துவிட்டுப் புகழ்வது நேர்மையாகாது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடை, சிக்கனத்தை எல்லாருக்கும் பொதுவாக்கியது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி ஏற்றினார்கள். போத்தலே காற்றைத் தடுத்தது. சிமினி விளக்குக் குடிக்கிற எண்ணெயில் ஒரு சிறு பங்குதான் அதற்குத் தேவைப்பட்டது. காசுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022இல் இலங்கை முழுவதும் சனம் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றபோது, அந்தக் காலத்தைக் கண்டவர்கள் பலர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

இன்று வெளிநாட்டுக் காசில் எழும் வீடுகளுக்குச் சுற்றிவர மதில். முற்றத்தில் சீமெந்துக் கல் பதித்தாயிற்று. மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடுகிறது. அதே வீட்டில் மின்மோட்டார் கிணற்றை விடாமல் உறிஞ்சுகிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய முதற்பொருளே இப்படி வாசலால் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கூரைத் தண்ணீரைப் பீலியால் ஒரு குழிக்குள் விடுவது மதில் கட்டும் செலவில் ஒரு சிறு துண்டு. வாழைக்கு வெட்டிய வாய்க்காலைப் போல, ஒருமுறை செய்தால் போதும்.

குசினிப் பக்கம் ஒரு மாற்றம் நல்லதாகவே நடந்திருக்கிறது. வறுத்த மாவும் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதியாகி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பயணப்பெட்டிகளில் போகின்றன. ஊரில் அவற்றை வறுத்து இடித்துக் கொடுக்கும் பெண்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொல்லி விற்கிறார்கள்.