வழி தவறும் முதியோரும் இடங்காட்டும் கருவிகளும்

மறதிநோயால் பாதிக்கப்பட்ட முதியவர் எவரிடமும் சொல்லாமல் வெளியே சென்று, திரும்பும் வழி அறியாது தவிப்பதுண்டு. "இடங்காட்டும் கருவி ஒன்றை அணிவித்துவிட்டால் போதுமா, டாக்டர்?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். கருவி நிச்சயம் உதவும். எனினும், அது இடத்தை எவ்வாறு கண்டறிகிறது என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது நல்லது.

ஜிபிஎஸ்: செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். கட்டடங்களுக்குள் சமிக்ஞை நலிவடையும். செயற்கைக்கோள் நோயாளியைக் கண்காணிப்பதில்லை. கருவிதான் தன் இடத்தை அறிகிறது. அதை உங்கள் கைபேசிக்கு அனுப்ப அதற்குள் இயங்கும் சிம் அட்டை வேண்டும். ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டால் தகவல் வராது.

கைபேசிக் கோபுரமும் வைஃபையும்: ஜிபிஎஸ் கிடைக்காத இடங்களில் இவை துணைபுரியும். அருகில் வைஃபை இணைப்புகள் இருந்தால் கட்டடத்துக்குள்ளும் இடத்தை ஓரளவு அறியலாம். கோபுரத்தை மட்டும் கொண்டு கணித்தால், நகரில் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் சில கிலோமீட்டர் வரை பிழை நேரலாம்.

புளூடூத் வில்லை: சாவிக்கொத்தில் மாட்டும் இச்சிறு வில்லைகள் பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ் இல்லை. அருகே செல்லும் பிறரது கைபேசி வழியாகவே இடம் தெரியவரும். ஆள் நடமாட்டமற்ற வயல்வெளியில் இவற்றை நம்ப இயலாது.

கவனிக்க வேண்டியவை:

• மாலையிலும் இரவிலும் அமைதியின்றி நடமாடுவோர் பலர். எனவே இரவில் கருவியைக் கழற்றிச் சார்ஜ் போடாதீர்கள். பகலில் நீங்கள் உடனிருக்கும் நேரத்தில் போடுங்கள்.

• பழக்கமற்ற பொருளை நோயாளி கழற்றி எறியக்கூடும். வழக்கமாகக் கட்டும் கைக்கடிகாரத்தின் வடிவிலோ, உடையில் தைத்த சிறு பையிலோ இருப்பது நலம்.

• நோயின் தொடக்க நிலையிலேயே விளக்கிக் கூறி, அவரது இசைவைப் பெறுங்கள்.

• உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டையை அவரது சட்டைப்பையில் வையுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 112 எண்ணை அழையுங்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளி, கடைசியாகத் தகவல் வந்த இடமே. இப்போது இருக்கும் இடமாக இல்லாமலும் போகலாம். அதன் அருகிலுள்ள நேரத்தையும் காவலரிடம் தெரிவியுங்கள்.

எந்தக் கருவியும் அவர் வெளியேறுவதைத் தடுக்காது. தேடும் நேரத்தைக் குறைக்கும். வெளியேறத் தூண்டுவது பசியாகவோ, வலியாகவோ, சிறுநீர் உபாதையாகவோ இருக்கலாம். இப்பழக்கம் திடீரெனத் தொடங்கினால் நோய்த்தொற்று காரணமாக இருக்கக்கூடும். அந்நிலையில் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.