காலியாக வந்த பட்டியல்



மலேசியாவில் இன்று ஆலயம், இளைஞர் மன்றம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என எங்கு பார்த்தாலும் உறுப்பினர் விவரமும் கணக்கும் பெரும்பாலும் கணினியில்தான் இருக்கின்றன. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. அந்த நம்பிக்கையால் சில பிள்ளைகள் உதவி நிதியை இழக்க இருந்தார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு பொது இயக்கம் மாணவர்களுக்குக் கல்வி உதவி நிதி வழங்கி வந்தது. மாணவர் விவரம் ஓர் அட்டவணையில். வழங்கிய பணத்தின் விவரம் மற்றோர் அட்டவணையில். இரண்டையும் இணைப்பது அடையாள அட்டை எண். ஆண்டு இறுதியில், இன்னும் பணம் பெறாதவர்கள் யார் என்று செயலாளர் கணினியிடம் கேட்டார். ஒரு பெயர்கூட வரவில்லை. எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது என்று செயலவை மகிழ்ந்தது. பிறகு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்து, "என் மகனுக்கு இன்னும் வரவில்லையே ஐயா" என்றார். அதன் பிறகே என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்த அட்டவணை முறைக்கு அடித்தளம் இட்டவர் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட். விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, பொதுவான மதிப்பைக் கொண்டு இணைக்கலாம் என்று 1970இல் அவர் எழுதிய கட்டுரை காட்டியது. அட்டவணைகளிடம் நாம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல்.

செயலாளர் அதில் 'நாட் இன்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். 'பணம் பெற்றோர் எண்களில் இல்லாதவர்கள் யார்?' என்பது கேள்வி. கேள்வியில் குற்றமில்லை. ஆனால் பண அட்டவணையில் ஒரே ஒரு வரியில் எண் நிரப்பப்படாமல் இருந்தது. அந்த வெற்றிடத்தைக் கணினி 'நல்' என்கிறது. அது சுழியம் அன்று. 'தெரியாது' என்று பொருள். தெரியாத அந்த எண் யாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே எந்த மாணவரைப் பற்றியும் 'இவர் நிச்சயமாகப் பெறவில்லை' என்று கணினியால் சொல்ல முடியவில்லை. எல்லாரையும் விட்டுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் மட்டும் காலியாக வரும்.

'நாட் இன்' என்பதற்குப் பதில் 'நாட் எக்சிஸ்ட்ஸ்' என்று மாற்றிக் கேட்டோம். எட்டுப் பெயர்கள் வந்தன. ஏழு பேர் உண்மையிலேயே பணம் பெறாதவர்கள். எட்டாவது பெயர், ஏற்கெனவே பணம் பெற்ற ஒரு மாணவி! எண் விடுபட்ட வரி அவருடையதுதான். அப்படியே விட்டிருந்தால் அவருக்கு இரண்டாவது காசோலை போயிருக்கும். கேள்வியைத் திருத்தினால் மட்டும் போதாது, அட்டவணையையும் திருத்த வேண்டும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

அந்த எண் ஏன் விடுபட்டது? மலேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கம் கொண்டது. பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்கும். எனவே 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். கடைசி நேரத்தில் சேர்ந்த அந்த மாணவியின் விவரம் எக்செல் தாளில் இருந்து வந்தது. கோடு போடாமல் தட்டச்சு செய்த எண்ணை எக்செல் ஒரு தொகையாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியத்தை விழுங்கிவிட்டது. 12 இலக்கம் 11 ஆனது. பணத்தைப் பதிவு செய்தவர் முழு எண்ணைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார்.

இதற்கு நான்கு திருத்தங்கள் செய்தோம். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்ணை எழுத்தாகவே சேமிக்க வேண்டும். 12 இலக்கம் இல்லாவிட்டால் ஏற்கக் கூடாது. பண அட்டவணையில் எண் காலியாக இருக்கக் கூடாது. மாணவர் அட்டவணையில் இல்லாத எண்ணுக்குப் பணம் பதிவாகக் கூடாது. பெயரை வைத்து இணைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஒரே பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறோம். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். பெயரை நம்ப முடியாது.

இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். ஒரு மாணவருக்கு 200 வெள்ளி, 300 வெள்ளி என இரு தவணை கொடுத்திருக்கிறோம். அவர் வீட்டுத் தொலைபேசி எண்கள் மூன்று. எல்லா அட்டவணைகளையும் ஒன்றாக இணைத்தால் ஆறு வரிகள் வரும். கூட்டினால் 500 வெள்ளி 1,500 ஆகிவிடும். இதை மறைக்கச் சிலர் 'டிஸ்டிங்க்ட்' என்று போட்டு, ஒரே மாதிரியானவற்றை நீக்குவார்கள். இரு தவணையும் 200 வெள்ளியாக இருந்தால் ஒன்று காணாமல் போய்விடும். பணத்தைத் தனியே கூட்டிவிட்டு, அதன் பிறகு இணைப்பதே சரி.

விடை சந்தேகமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கையால் கணக்குப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். எங்கே எண்ணிக்கை எதிர்பாராமல் கூடுகிறதோ குறைகிறதோ, அங்கேதான் பிழையைத் தேட வேண்டும்.

அந்த ஏழு பிள்ளைகளுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. ஒரு தாயார் அழைத்துக் கேட்டதால்தான் அது நடந்தது. கேட்கத் தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது, காலியாக வரும் பட்டியலை இன்னொரு முறை சரிபாருங்கள்.