நமக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது?

பள்ளி மணி அடித்துச் சிறிது நேரத்திலேயே சில பிள்ளைகள் மேசைமீது தலை சாய்த்துவிடுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி காண்கிறோம். "சோம்பேறி" என்று நாங்களும் அதட்டியிருக்கிறோம். ஆனால், அந்தப் பிள்ளையின் உடலுக்குள் நடப்பதை எண்ணிப் பார்த்தால் அதட்ட மனம் வராது.

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் கிழங்கும் குடலில் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி, இரத்தத்தின் வழியே உயிரணுக்களை அடைகின்றன. மூச்சில் நாம் இழுக்கும் பிராணவாயுவும் அதே இரத்தத்தில்தான் அங்குப் போய்ச் சேர்கிறது.

உயிரணுவுக்குள் இழைமணிகள் என்னும் மிக நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அங்கே சர்க்கரைச் சத்து, பிராணவாயுவின் துணையோடு சிதைந்து சக்தியைத் தருகிறது. அடுப்பில் விறகு எரிவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால், விறகு மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும். உயிரணுவோ படிப்படியாகச் சக்தியைப் பிரித்தெடுத்து, ஏ.டி.பி. என்னும் பொருளில் ஏற்றி, வேண்டிய வேலைக்குச் செலவிடுகிறது. மிஞ்சும் கரியமில வாயுவை நாம் மூச்சாக வெளியே விடுகிறோம். இதுவே உயிரணுச் சுவாசம்.

பிராணவாயு போதாவிட்டால் என்ன ஆகும்? அது இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.டி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் 2 மட்டுமே. பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது நமக்கு மூச்சு வாங்குவது, தசைகள் கூடுதலாகப் பிராணவாயு கேட்பதால்தான்.

ஆகவே, சக்திக்கு உணவும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். மூளை நம் எடையில் 100இல் 2 பங்குதான். ஆனால், நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் 100இல் 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வெறும் வரக்கோப்பியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்க்கு நேரமில்லை என்பதை அறிவோம். முதல் நாளே அவித்து வைத்த முட்டையும் இரண்டு துண்டு ரொட்டியும் இருந்தாலே போதும்.

பசியாறியும் பிள்ளை சோர்ந்திருந்தால், இரத்தத்தையும் கவனிக்க வேண்டும். பிராணவாயுவைச் சுமக்க இரத்தத்துக்கு இரும்புச் சத்து தேவை. வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளைகளுக்குச் செருப்பு அணிவியுங்கள். கீரை, பருப்பு, நெத்திலி கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். அது இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். பிள்ளையின் கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால், கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

தாய்மார்களே, இந்தச் சோர்வு உங்களுக்கும் வரும். அதையும் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள்.

இப்போதெல்லாம் தலை சாய்க்கும் பிள்ளையிடம் நாங்கள் முதலில் கேட்பது, "பசியாறினாயா?" என்பதைத்தான்.