நுழைவுத் தேர்வில் ஆங்கிலம்: சித்தூர், திருப்பதி மாணவர் கவனத்திற்கு

ஆந்திரப் பிரதேசத்தின் தென் எல்லையிலுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் பல மொழிகள் கூடி வாழும் பகுதியாகும். நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைகள் ஏராளம். மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் குப்பத்தில் 1997ஆம் ஆண்டில் திராவிடப் பல்கலைக் கழகம் அமைந்தது பொருத்தமே. இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. ஆயினும், பட்டப் படிப்பிற்கு நாட்டின் பெரிய பல்கலைக் கழகங்களை நாடும்போது அம்மொழியிலேயே அவர்கள் சோதிக்கப்படுகின்றனர்.

திருப்பதியில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் கவனமெல்லாம் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றின் மீதே குவிந்துள்ளது. இதற்குக் காரணமும் உண்டு. மாநில அரசின் ஈ.ஏ.பி.செட் தேர்விலோ, பொறியியல் படிப்பிற்கான ஜே.இ.இ. தேர்விலோ ஆங்கிலத்திற்கெனத் தனிப் பகுதி இல்லை. எனவே இன்டர்மீடியட் படிக்கும் மாணவர் ஆங்கிலத்தை ‘தேறினால் போதும்’ என்ற அளவிலேயே மதிக்கப் பழகிவிடுகிறார்.

2022ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு ‘கியூட்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வு அவ்வாண்டில் தொடங்கப்பட்டது. ஐதராபாத், புதுச்சேரி, திருவாரூர், அனந்தபுரம் ஆகிய இடங்களிலுள்ள மத்தியப் பல்கலைக் கழகங்கள் இப்பகுதி மாணவருக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. 2025ஆம் ஆண்டு முறைப்படி ஒருவர் அதிகபட்சம் 5 பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பாடத்திலும் 50 வினாக்கள்; அனைத்திற்கும் விடையளிக்க 60 நிமிடம்; மொத்தம் 250 மதிப்பெண். ஆங்கிலத் தாளுக்கும் வேதியியல் தாளுக்கும் இதில் வேறுபாடு கிடையாது. வேதியியலில் ஏற்கெனவே நன்கு தேர்ந்த மாணவர் மேலும் நூறு மணி நேரம் உழைத்துப் பெறும் கூடுதல் மதிப்பெண் சிறிதாகவே இருக்கும். கவனிக்கப்படாத ஆங்கிலத்தில் அதே உழைப்பு பன்மடங்கு பயன் தரும். பயிற்சிக் கட்டணத்திற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பது நன்று.

மொழித் தாளுக்குத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட 13 மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. எனினும் எந்தப் படிப்பிற்கு எந்த மொழி ஏற்கப்படும் என்பது பல்கலைக் கழகத்திற்குப் பல்கலைக் கழகம் வேறுபடும். விண்ணப்பிக்கும் முன்பே தகுதி விதிகளைப் படித்துவிட வேண்டும். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான கதவுகள் திறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வாக்கிய அமைப்பே முதல் தடை

ஆங்கிலத் தாளில் பத்தியைப் படித்து விடையளித்தல், வாக்கியங்களை வரிசைப்படுத்தல், ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், பொருத்தமான சொல்லைத் தேர்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. ஆயிரக்கணக்கான சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதே தயாரிப்பு என்று பலரும் கருதுகின்றனர். தமிழோ தெலுங்கோ பேசும் மாணவரைத் தடுக்கி வீழ்த்துவது பெரும்பாலும் சொல் அன்று, வாக்கியத்தின் அமைப்பேயாகும்.

‘நகரியில் நெய்த சேலையைத் திருப்பதியில் விற்ற பெண் நேற்று வந்தாள்’ என்ற வாக்கியத்தில் அடைமொழிகள் எல்லாம் முன்னே வருகின்றன. பெண் பின்னே வருகிறாள். வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெண் முதலில் வருவாள். அவளைப் பற்றிய செய்திகள் அவளைத் தொடர்ந்து வரும். இவ்வேறுபாட்டை உணராதவர் நீண்ட ஆங்கில வாக்கியத்தின் இறுதிவரை சென்று, எழுவாய் எது என்று தேடி மீண்டும் முதலுக்குத் திரும்புகிறார். ஒரு வினாவிற்குச் சராசரியாக 72 வினாடியே கிடைக்கும் தேர்வில் இவ்வாறு இருமுறை படிப்பது கட்டுப்படியாகாது. எழுவாயையும் அதற்குரிய முற்றுவினையையும் முதலில் கண்டு, மற்றவற்றைப் பின்னர் பொருத்தும் பழக்கம் வேண்டும். நாள்தோறும் செய்தித்தாளின் ஒரு தலையங்கத்தை எடுத்து, எழுவாயையும் வினையையும் அடிக்கோடிட்டு வந்தால் சில மாதங்களில் இது கைவந்துவிடும்.

பிற பிழைகளும் தாய்மொழியிலிருந்தே பிறக்கின்றன. பெட்டியில், மேசையில், பேருந்து நிலையத்தில் என மூன்று இடத்தும் தமிழுக்கு ‘இல்’ உருபு ஒன்றே போதும். ஆங்கிலம் இன், ஆன், அட் என மூன்றைக் கேட்கும். ‘பற்றி விவாதித்தனர்’ என்பதை அப்படியே மாற்றுவதால் ‘டிஸ்கஸ்’ என்ற வினையின் பின் வேண்டாத ‘அபௌட்’ ஒட்டிக்கொள்கிறது. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழில் குற்றமன்று. ஆங்கிலத்தில் ‘ஹாஸ் கம்’ என்பதுடன் ‘எஸ்டர்டே’ சேராது. பழகிய சொற்களும் ஏமாற்றும். சிற்றுண்டி கிடைக்கும் இடத்தை நாம் ‘ஹோட்டல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது தங்கும் விடுதி. இத்தகைய பிழைகளைத் தொகுத்தால் ஒரு சிறு குறிப்பேட்டில் அடங்கிவிடும். கடைகளில் விற்கும் தடித்த இலக்கண நூல்களைவிட அக்குறிப்பேடு பயனுடையது.

வாக்கியங்களை வரிசைப்படுத்தும் வினாவிலும் இவ்வறிவு உதவும். ஒரு பொருள் முதன்முறை பேசப்படும்போது ‘ஏ’ என்ற சுட்டும், மீண்டும் பேசப்படும்போது ‘தி’ என்ற சுட்டும் வருவது வழக்கம். ‘ஹீ’, ‘தே’ போன்ற பிரதிப்பெயர்கள் தொடக்க வாக்கியத்தில் வருவது அரிது. இவ்விரண்டைக் கொண்டே வரிசையைப் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

பத்தி வினாக்களில் வேறொரு இடர் உண்டு. மழைநீர் சேமிப்பு பற்றிய பத்தியானால், மாணவர் தம் பாடநூலில் படித்ததை நினைவில் கொண்டு விடையளிக்க முற்படுகிறார். பத்தி கூறுவது எதுவோ அதுவே விடை. விவரம் தெரிந்த மாணவரே இவ்வகையில் அதிகம் தவறுகிறார் என்பது வேடிக்கையே.

தவறான விடைக்கு அஞ்சலாமா?

சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். மதிப்பெண் கழிக்கப்படாத ஈ.ஏ.பி.செட் முறைக்குப் பழகியவர்கள் இங்கு அச்சத்தால் வினாக்களை விட்டுவிடுகின்றனர். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தாலும் சராசரியாக அரை மதிப்பெண் மிஞ்சும். பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டுத் தேர்ந்தால் அது 2 மதிப்பெண்ணாக உயர்கிறது. ஆகவே வினாவை வெறுமையாக விடுவதற்கு நியாயம் இல்லை.

1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியைச் சேர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், திருப்பதி மிஷன் பள்ளியிலும் வேலூரிலும் பயின்று, 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த அவருக்கும் ஆங்கிலம் கற்றுப் பெற்ற மொழியே.

தயாரிப்பிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நூல்களான ‘பிளமிங்கோ’வும் ‘விஸ்டாஸ்’உம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் 2023இல் தொடங்கிய ‘சாத்தி’ தளத்திலும் கட்டணமின்றிப் பயிற்சி பெறலாம். தேர்வு கணினி வழியே நடப்பதால், கைப்பேசித் திரையில் மட்டும் படித்துப் பழகிய கிராமப்புற மாணவர், நீண்ட பத்தியைக் கணினித் திரையில் படிக்கத் திணறக்கூடும். ஜூனியர் கல்லூரிகளின் கணினிக் கூடங்களைத் தேர்விற்கு முந்தைய மாதத்தில் மாலை நேரங்களில் இவர்களுக்குத் திறந்து வைத்து, கடிகாரத்தின் முன் 60 நிமிடத் தாள் ஒன்றை வாரந்தோறும் எழுதச் செய்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.